பதினொன்றுக்குப் பதினொன்று

ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு
நான் மாண்புமிகு பேரவைத் தலைவர்.
அதுவரை
திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்.
மாற்ற உடுப்பு எதுவும் இல்லை.
கழுத்துச் சுணையைக் கழுவிவிட்டு
கைப்பேசியைச் சம்படத்தின் மேல் சாய்த்தால்
அவை கூடும்.

எங்கள் தென்கரை மாகாணம் எந்த வரைபடத்திலும் கிடையாது.
உறுப்பினர் இருபத்திரண்டு, தலைவர் நீங்கலாக.
போலீஸ் இல்லை, புயல் இல்லை,
விதிப்புத்தகம் மட்டும் நூற்று எண்பது பக்கம்.
ஆறு ஒன்று உண்டு.
மூன்று வாரம் விவாதித்து, ஏழு திருத்தத்தோடு
நெடுவாரி என்று பெயர் நிறைவேற்றினோம்.
யாரும் மணல் அள்ளாத ஆறு.

நேற்று மசோதா நாற்பத்தொன்று:
மதகு திறந்தால் முதல் ஐந்து நாள்
கடைமடைக்கே.
கொண்டுவந்த பையன் ஓசூரில் படிக்கிறான்.
வயலில் கால் வைத்ததில்லை என்று
முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டான்.

அமலதாசன் எழுந்தார்.
திருக்காட்டுப்பள்ளி, வாழைத்தார் ஏலக்கடை.
"முதல் தண்ணியை மண்ணு குடிக்கும் தலைவர் அவர்களே.
மேல நனையாம கீழ எப்படிப் பாயும்?
ஆத்துக்குச் சட்டம் தெரியாது,
சரிவுதான் தெரியும்."

நிதியமைச்சர் ஹாஜா நஜ்முதீன்
கூத்தாநல்லூர்க்காரர்;
ஷார்ஜாவில் கிடங்குக் காவல், ரோந்துக்கு நடுவே தட்டினார்:
"சரிவே பாத்துக்கும்னா
நாம எதுக்கு? கலைச்சுட்டுப் போயிடலாமே."

நான் சொன்னது இரண்டே வாக்கியம்.
உறுப்பினர் அமரவும்.
நேரம் முடிந்தது.
போன வருஷம் எங்கள் வாய்க்காலுக்கு
திறந்து முப்பத்தாறாம் நாள் தண்ணீர் வந்ததையும்
அது கணுக்காலைத் தாண்டாததையும்
நான் சொல்லக்கூடாது.
தலைவருக்குக் கருத்து கிடையாது. விதி ஒன்பது.

வாக்கெடுப்பு.
ஆம். இல்லை. இல்லை. ஆம்.
கடைசி நிமிடத்தில் ஷார்ஜாவிலிருந்து ஓர் ஆம்.
பதினொன்றுக்குப் பதினொன்று.

சமமானால் தலைவர் வாக்களிப்பார்,
இருப்பது இருக்கட்டும் என்ற பக்கத்துக்கே.
இல்லாத பெரும்பான்மையைத் தலைவர் உண்டாக்கலாகாது.
விதி முப்பத்திமூன்று.
எழுதியது நான்தான்.
ரொம்ப அழகான விதி என்று
அன்றைக்குப் பாராட்டித் தீர்மானம் வேறு போட்டார்கள்.

பகலில் தகட்டூர் ராசாங்கம் வந்திருந்தார்.
தைப் பனியில் நனைந்த நெல்.
மீட்டர் பதினெட்டைக் காட்டியது. பதினேழுக்கு மேல் எடுக்க மாட்டோம்.
காயவச்சுக் கொண்டுவாங்க என்றேன்.
அவர் சண்டை போடவில்லை.
அந்தப் பதினேழை எழுதினவன் முகம் தெரியாததால்
என் முகத்தையே
கொஞ்ச நேரம் பார்த்தார்.

இல்லை என்று அழுத்தினேன்.
மசோதா தோற்றது.

அடுத்த வரியில் ராஜினாமா.
அதற்கடுத்த வரியில், சாதாரண உறுப்பினராக,
அதே மசோதா, எண் நாற்பத்திரண்டு.
தோற்றதை மறுநாளே கொண்டுவரத் தடையில்லை;
நூற்று எண்பது பக்கத்தில்
அதை மட்டும் யாரும் யோசித்திருக்கவில்லை.
புதிய தலைவர் பதவிக்கு
அமலதாசன் பெயரை முன்மொழிந்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்கு வாக்கு இல்லை.
இறங்கினதால் எனக்கு உண்டு.
பன்னிரண்டு, பத்து.
தார் எண்ணிப் பிழைக்கிறவருக்கு
இந்தக் கணக்கு ஒரு கணக்கா?
தட்டச்சு செய்கிறார், தட்டச்சு செய்கிறார் என்றே
திரை வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தது.
பிறகு வந்தது:
"எண்ணிப் பாத்துட்டேன் தாயி.
ஏற்கிறேன்.
ஆனா தண்ணி மேலதான் முதல்ல குடிக்கும், பாருங்க."

காலையில் தார்ச்சாலை ஓரம்
ராசாங்கம் காலாலேயே நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்.
பதினேழு புள்ளி இரண்டு.
இங்கே விலகினால்
என் இடத்துக்கு இன்னொரு எழுத்தர் வருவார், அதே மீட்டரோடு.
கிண்ணத்தைத் துடைத்தேன்.
வெயில் பட்ட பக்கமாப் பாத்து
இன்னொரு பிடி அள்ளுங்க என்றேன்.